உள்ளே மேனேஜர், வெளியே பூட்டு

கெஞ்சுகிறவர்களுக்கு இறங்கி வந்த மேனேஜரை நான் பார்த்ததில்லை. கோவை பம்பு கம்பெனி மேனேஜர் சோமசுந்தரமும் அப்படித்தான்.

ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ள, வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டாள் பில்லிங் பிரிவு சுகுணா. வீடியோ மீட்டிங்கில், பதினெட்டுப் பேர் பார்க்க, அவர் எரிந்து விழுந்தார்.

"வீட்டுல உட்கார்ந்தா வேலை ஓடுமாம்மா? இந்த வயசுல நானே ஆபீஸ்ல என் ரூம்லதான் இருக்கேன், பாரு!" திரையில் அவருக்குப் பின்னால் ஆபீஸ் அறை அலமாரி, ஒட்டிவைத்த படம் மாதிரி பளபளத்தது. "முடியலைன்னா இன்னிக்கே ராஜினாமா எழுதிக் கொடு!"

அன்றைக்கு சுகுணாவும் ஆபீசில்தான் இருந்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். மேனேஜர் அறைக் கதவுக்கு நேரே கேமராவைத் திருப்பினாள். கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"ஐயோ சார்! உங்களை உள்ளார வெச்சு வெளியே பூட்டிட்டாங்க! வாட்ச்மேனை உடைக்கச் சொல்லட்டுங்களா?"

சிரிப்பை மறைக்க எல்லோரும் மைக்கை அணைத்தார்கள். மேனேஜர் மைக்கில் மட்டும் குக்கர் விசில் அடித்தது.

"வேண்டாம்மா... ரெண்டு நாள் எடுத்துக்கோ."

"பூட்டு ரொம்பப் பெருசுங்க சார்."

"சரி, மூணு! கேமராவைத் திருப்பும்மா!"