ஏணியில் ஒரு கால்

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் வண்ணமுத்து என்றொரு மயில் இருந்தது. தோகை விரித்து ஆடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அப்படி ஆளில்லை என்பதை அதுவே எல்லோரிடமும் சொல்லிவிடும்.

அந்த மயிலுக்குத் திடீரென்று சினிமா எடுக்கும் ஆசை வந்தது. கதைக்காக அது அலையவில்லை. முயல் ஏணி வைத்து நிலாவை எடுக்கப் போன கதை, ஆமை மழையை முதுகில் சுமந்து வந்த கதை, எறும்பு யானைக்கு வழி காட்டிய கதை, இந்த மூன்றும் என்றால் அந்தக் காட்டுக் குட்டிகளுக்கு உயிர்.

"மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, பதினோரு பாட்டும் வைத்தால் படம் ஓடாமல் எங்கே போகும்?" என்றது மயில்.

படம் காட்டக் கரடி தன் குகையைக் கொடுத்தது. உச்சி வெயிலிலும் அங்கே கும்மிருட்டு.

"குட்டிகள் பாதியில் எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று கரடி கேட்டது.

"ஒரு குட்டி எழுந்து வந்தாலும் இனி நான் தோகை விரிக்க மாட்டேன். இது சத்தியம்."

மயிலுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். கரடி, "சரி" என்று சொல்லிவிட்டுத் தேன் எடுக்கப் போய்விட்டது.

படப்பிடிப்பு தொடங்கியது. கேமரா பிடித்தது குரங்கு.

"ஐயா, முயல் ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டது. அடுத்த காலையும் வைக்கச் சொல்லட்டுமா?"

"பொறு. இங்கே ஒரு பாட்டு."

"இப்போதுதானே ஐயா ஒரு பாட்டு முடிந்தது?"

"அது ஏணியைக் கொண்டுவந்ததற்கு. இது ஏறுவதற்கு."

"இன்னும் ஏறவில்லையே."

"பாட்டு முடியட்டும், ஏறும்."

அந்தப் பாட்டு முடிவதற்குள் மயிலுக்கு அடுத்த பாட்டு தோன்றிவிட்டது. முயலை எல்லோரும் மறந்துபோனார்கள். பதினோரு பாட்டுக்கும் ஆடியது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படம் காட்டும் நாள் வந்தது. மயில் முதல் வரிசையில் உட்கார்ந்தது. குட்டிகள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தன. முதல் பாட்டுக்கு எல்லாம் கைதட்டின. இரண்டாம் பாட்டில் முயலைத் தேடின. திரை முழுக்கத் தோகைதான் தெரிந்தது. தோகைக்கு மேலே ஒரே ஒரு தடவை முயலின் காது நுனி தெரிந்தது.

மான்குட்டி மெல்ல எழுந்து வெளியே போனது. அங்கே முள்ளம்பன்றி நாவற்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, முயலுக்கு நிலா கிடைத்ததா?"

"நீ எதுவரை பார்த்தாய்?"

"ஏணியில் ஒரு கால் வைத்ததுவரை."

"அடப் பாவமே, இன்னும் ஒற்றைக் காலிலா நிற்கிறது?" என்ற முள்ளம்பன்றி, பழத்தைக் கீழே வைத்துவிட்டு மிச்சக் கதையைச் சொல்லத் தொடங்கியது. அதற்குள் அணில்குட்டி வந்தது. பிறகு நரிக்குட்டிகள் மூன்றும் வந்தன.

குகைக்குள் மயில் திரும்பியே பார்க்கவில்லை. பின்னால் சத்தமே இல்லாததைக் கவனித்து, "சொக்கிப்போய்விட்டார்கள்" என்று நினைத்துக்கொண்டது. அதற்கு மனம் குளிர்ந்துவிட்டது.

பதினோராம் பாட்டும் முடிந்தது. மயில் எழுந்து, பாராட்டை வாங்கிக்கொள்ளத் திரும்பியது. குகை காலியாக இருந்தது. வாசலருகில் ஓர் ஆமைக்குட்டி மட்டும் இருந்தது.

மயில் வாசலுக்குப் போனது. "நீயாவது கடைசிவரை இருந்தாயே, கண்ணு" என்றது.

"இல்லை மாமா. நான் இரண்டாம் பாட்டிலேயே எழுந்துவிட்டேன். இப்போதுதான் வாசல் வந்திருக்கிறது" என்றது ஆமைக்குட்டி.

மயில் அதன் பின்னாலேயே வெளியே வந்தது. மரத்தடியில் எல்லாக் குட்டிகளும் முள்ளம்பன்றியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

"ஏணியின் உச்சியில் நின்று முயல் எட்டிப் பிடிக்கப் போனது. அப்போது நிலா, 'என்னை நீ எடுத்துப் போய்விட்டால் மற்றக் குட்டிகள் எதைப் பார்க்கும்?' என்று கேட்டது" என்றது முள்ளம்பன்றி.

மயில் அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் இந்தக் கதையை எத்தனையோ முறை அதற்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறைகூட அது முடிவுவரை உட்கார்ந்ததில்லை. பாதியிலேயே ஆட எழுந்துவிடும்.

"அதற்கு முயல் என்ன சொன்னது?" என்று மயில் கேட்டது.

குட்டிகள் திரும்பிப் பார்த்தன.

"உட்காருங்கள் மாமா, மறைக்கிறது" என்றது மான்குட்டி.

சத்தியம் சத்தியம்தானே. மயில் தோகையை ஒடுக்கிக்கொண்டு, ஆமைக்குட்டிக்குப் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்தது.

நீதி: கதை சொல்ல வந்தவர் கதையை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.