கரிக்கோடு போட்ட முட்டைகள்

மலைகளுக்கெல்லாம் மனிதர்கள் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலம் அது. பேர் இல்லாத ஒரு மலையின் அடியில், ஒரே வேலியின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பெண்கள் குடியிருந்தார்கள். மூத்தவள் பூவாத்தாள். இளையவள் நாச்சி.

பூவாத்தாளிடம் ஒரு கோழி இருந்தது. கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாத வெறுங்கழுத்துக் கோழி. அந்த மலையடிவாரத்தில் வேறு யாரிடமும் அந்த ஜாதி கிடையாது. பூவாத்தாளைக் கட்டிக்கொடுத்தபோது அவளுடைய தாய் கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பிய கோழியின் வழி வந்தது அது. தை பிறந்ததும் பூவாத்தாளின் மகள் மருதாளுக்குக் கல்யாணம். அவள் கூடையிலும் ஒரு வெறுங்கழுத்துக் குஞ்சாவது போக வேண்டும். பூவாத்தாளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

கார்த்திகை மழையில் ஒரு கீரி வந்து கோழியைக் கொண்டுபோய்விட்டது. உமிப் பானையில் ஒன்பது முட்டைகள் மட்டும் மிஞ்சின.

நாச்சியின் செவலைக் கோழி அப்போதுதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது. பூவாத்தாள் வேலி ஓரம் வந்து நின்றாள்.

"நாச்சி, உன் கோழியில் என் முட்டையை அடை வைக்கிறாயா? பொரிப்பதில் பாதி உனக்கு."

முட்டை ஒருத்தியுடையது, கோழி ஒருத்தியுடையது என்றால் குஞ்சு ஆளுக்குப் பாதி. அந்த ஊர் வழக்கம் அதுதான். ஆனால் நாச்சி சிரித்தாள்.

"பாதியா? கழுத்துக்குத் துணி இல்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரப்போகிற மார்கழிக் குளிரில் நான் என்ன செய்வேன் அக்கா? ஒன்று கொடு, போதும்."

தன் கோழி இட்ட முட்டைகளை நாச்சி எடுத்து வேறு பானையில் வைத்தாள். கூடையில் சாம்பல் பரப்பி, வைக்கோல் போட்டாள். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்புத் துண்டும் ஒரு காய்ந்த மிளகாயும் வைத்தாள். பூவாத்தாள் ஒவ்வொரு முட்டையிலும் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். வேறு கோழி வந்து முட்டையிட்டுவிட்டால் அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் அந்தக் கோடு. சந்தேகம் என்ற ஒன்று அப்போது அவளிடம் இல்லை.

"இனிமேல் கோழி பார்த்துக்கொள்ளும்," என்றாள் நாச்சி. "நாம் பார்க்க வேண்டியதில்லை."

கேட்கிறவர்களே, கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சில நாள் கழித்து எண்ணெய் விற்கும் கிழவி வந்தாள். அடை வைத்த கதையைப் பூவாத்தாளிடம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பாதி கொடுக்கிறேன் என்றால் ஒன்று போதும் என்றாளா? அது எப்படியம்மா? வருவதை வேண்டாம் என்கிறவள் வேறு எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறாள்."

எண்ணெய்க் குடம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. சொல் மட்டும் பூவாத்தாளிடம் தங்கிவிட்டது.

நாச்சி வயலுக்குப் போன நேரம் பார்த்து பூவாத்தாள் போய்க் கோழியைத் தூக்கிப் பார்த்தாள். முட்டைகளில் கோடு இருந்தது. கோழி அவள் கையைக் கொத்தியது.

இரண்டாம் முறை தூக்கிப் பார்த்தாள். கோடு மங்கியிருந்தது. கோழி இறகைச் சிலிர்த்துக் கத்தியது.

மூன்றாம் முறை தூக்கிப் பார்த்தாள். கோடு எதிலும் இல்லை. கோழி அவளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது.

அடைக்கோழி நாள்தோறும் முட்டையைப் புரட்டும். புரட்டப் புரட்டக் கரி அழியும். எத்தனையோ அடை பார்த்த பூவாத்தாளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் சந்தேகம் குடியேறிய வீட்டில் தெரிந்ததெல்லாம் வெளியே போய்விடுகிறது.

"எங்கேடி என் முட்டைகள்?" என்று, நாச்சி வயலிலிருந்து திரும்பியதும் வேலிக்கு மேல் கத்தினாள். "உன் பானையில் இருந்ததைக் கூடையில் வைத்துவிட்டு, என்னுடையதை எங்கே கொடுத்தாய்?"

 மருதாள் ஓடி வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இன்னும் இரண்டொரு நாள்தான். பொரிந்தால் கழுத்தே சாட்சி சொல்லிவிடுமே!"

"அதற்குள் இன்னொரு முறை மாற்றிவிடுவாள். உனக்கென்ன தெரியும்?"

பூவாத்தாள் வேலியைத் தாண்டிப் போய், கூடையிலிருந்த முட்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு புறப்பட்டாள். ஊருக்கு நியாயம் சொல்லும் பட்டக்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். மார்கழி வாடை வீசிக்கொண்டிருந்தது. செவலைக் கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நாச்சி பின்னாலேயே ஓடினாள்.

வேலியோரம் கெஞ்சினாள். "அக்கா, கோழியை அதன்மேல் வை."

ஆற்றங்கரையில் கெஞ்சினாள். "அக்கா, யார் முட்டையாக வேண்டுமானாலும் இருக்கட்டும், கோழியை அதன்மேல் வை."

பட்டக்காரர் பூஜை முடித்து வரும்வரை வாசலில் காத்திருந்தபோது கெஞ்சினாள். "எல்லாம் உன்னுடையதே அக்கா. எனக்கு ஒன்றும் வேண்டாம். கோழியை மட்டும் வை."

"தொடாதே," என்றாள் பூவாத்தாள். மூன்று முறையும் அதையே சொன்னாள்.

பட்டக்காரர் வந்தார். வழக்கைக் கேட்டார். ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். இன்னொன்றை எடுத்து வைத்தார். அவர் முகம் மாறியது.

"ஓட்டுக்குள் குஞ்சு கத்துகிற பருவம் இது. ஒன்றும் கேட்கவில்லையே, தாயே. கல்லைப் போலக் குளிர்ந்திருக்கிறது." முட்டையைக் கீழே வைத்தார். "இனிச் சாட்சியையாவது கேட்போம்."

ஒரு முட்டையை உடைத்தார். உள்ளே, பிறக்க இருந்த குஞ்சு. அதன் கழுத்து வெறுங்கழுத்து.

இரண்டாவதை உடைத்தார். வெறுங்கழுத்து.

மூன்றாவதை உடைத்தார். அதன் அலகு ஓட்டில் ஒரு சிறு விரிசலை உண்டாக்கியிருந்தது. அதுவும் வெறுங்கழுத்து.

பூவாத்தாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும் சாமி."

"இன்னும் ஆறு இருக்கிறதே. பார்க்க வேண்டாமா?"

"வேண்டாம். எல்லாம் என்னுடையதுதான்."

இருவரும் ஆற்றைக் கடந்து திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் செவலைக் கோழி நாச்சியின் கையிலிருந்து குதித்து, நேராகக் கூடைக்குப் போனது. இரும்புத் துண்டும் மிளகாயும் மட்டுமே கிடந்த அந்தச் சாம்பலின் மேல் இறகை விரித்து உட்கார்ந்தது. பல நாள் எழுந்திருக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பூவாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தை பிறந்தது. மருதாள் வண்டியேறும்போது அவள் கூடையில் அரிசி இருந்தது, மஞ்சள் இருந்தது, கோழி இல்லை. அப்போது நாச்சி வந்தாள். ஒரு செவலைப் பெட்டையைக் கூடைக்குள் வைத்தாள்.

"இதற்குக் கழுத்துக்குத் துணி இருக்கிறது அக்கா," என்றாள் மெதுவாக.

பூவாத்தாள் சிரிக்க நினைத்தாள். முடியவில்லை. அவளுடைய தாய் கொடுத்தனுப்பிய கோழியின் வழி அவள் முந்தானையில்தான் முடிந்துபோயிருந்தது.

ஆகவே கேட்டவர்களே, நம்பி ஒப்படைத்ததைச் சந்தேகத்தால் திறந்து திறந்து பார்ப்பவர், கள்வன் ஒருவனும் வராமலே அதை இழந்துவிடுவார்.