கஸ்பார் மேஸ்திரி வார்த்த மீன்வீடு

எங்க கடலுக்குள்ள கரண்டு எடுக்கிற காத்தாடி நடப் போறாங்க. அதைச் சுத்தி மீன் குடியிருக்க சிமெண்டுல மீன்வீடு செஞ்சு இறக்கணும். யாரு வார்த்த வீட்டை இறக்கணும்னு படகுச் சங்கமே முடிவு பண்ணட்டும்னு கம்பெனி சொல்லிட்டு. நாங்க சரின்னா கஸ்பார் மேஸ்திரிக்கு மூணு வருச வேலை. இல்லன்னா மறுபடி கக்கூசுத் தொட்டி பூசப் போகணும்.

"அது உடைஞ்சா கம்பி நீட்டிக்கிட்டு எங்க வலையைக் கிழிக்கும்வே. அடிச்சுச் சோதிச்சீரா?"ன்னு சங்கக் கூட்டத்துல மேஸ்திரிகிட்ட நான்தான் வாயைக் குடுத்தேன்.

"சோதிச்சேனாவா? ஒரு டன் இரும்புக் குண்டைக் கிரேன்ல தூக்கி, இருபதடி உசரத்துலருந்து போட்டோம். ணங்! வீடு அசையல. குண்டு தட்டையாப் போச்சு. எங்க சமையக்காரன் இன்னைக்கும் அதுலதான் தோசை சுடுதான். என்னா முறுவல்ங்கீரு!"

"எண்ணெய் எவ்வளவு ஊத்துதான்?"ன்னு பின்னாலருந்து ரேமண்டு கேட்டான்.

"சிரிக்காதீரும்வே! அடுத்து கப்பல் நங்கூரத்தைப் போட்டோம். வளைஞ்ச நங்கூரம் நிமிந்து கடப்பாரையாப் போச்சு. 'மேஸ்திரி, இனி கப்பலை எப்படி நிறுத்துவேன்?'னு கேப்டன் என் காலைப் புடிச்சு அழுதான். எனக்கே கண்ணு கலங்கிட்டு."

"புளுகுனாலும் பொருந்தப் புளுகும்வே!"ன்னேன்.

"பொருந்தலையா? கேளும். கடைசியா வீட்டையே தூக்கி, கரையில நிக்கிற காத்தாடி உச்சியிலருந்து தள்ளிவிட்டேன். தரை உடைஞ்சுது. வீடு உள்ள போகுது, போகுது, போயிட்டே இருக்கு. மூணாம் நாள் அமெரிக்காவுலருந்து ஒருத்தன் போன் அடிக்கான், எங்க சோளக்காட்டுல உங்க வீடு முளைச்சு நிக்குன்னு."

"எந்த பாஷையில பேசினான்?"ன்னான் ரேமண்டு.

"கால்ல இடிச்சிருக்கு, 'அய்யோ அம்மா'ன்னுதான் பேசினான். வீட்டைத் திரும்ப வரவழைச்சுப் பாத்தா ஒரு கீறல் இல்லவே!"

சங்கமே விழுந்து விழுந்து சிரிச்சுது. தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துட்டாரு. "சாமான் வாசல்ல லாரியில நிக்கு, வந்து பாருங்க"ன்னு மேஸ்திரி எல்லாரையும் கூட்டிட்டுப் போனாரு.

ரெண்டு படகு வச்சிருக்கிற மதலேன் அக்கா லாரியில ஏறினாவ. நாலு பக்கமும் தடவிப் பாத்தாவ. குனிஞ்சு அடியிலயும் பாத்தாவ.

"மேஸ்திரி, மீனு எது வழியா உள்ள போகும்?"

மேஸ்திரி முகம் செத்துப் போச்சு. "படத்துல எட்டு ஓட்டை போட்டிருந்துச்சுக்கா. அப்படி வார்த்தா முத அடியிலயே விரிசல் விடுது. அதான் எல்லாத்தையும் அடைச்சுட்டேன்."

எங்களுக்கே பாவமாப் போச்சு. தலைவர் சொன்னாரு: "சரி, போவுது. இப்பவே உடைச்சு எட்டு ஓட்டையும் போட்டுக் காட்டும். வேலை உமக்குத்தான்."

மேஸ்திரி சுத்தியலையும் உளியையும் எடுத்தாரு. வீட்டைப் பாத்தாரு. எங்க மூஞ்சியெல்லாம் பாத்தாரு. ரெண்டையும் கீழ வச்சுட்டாரு.

"வேலை போனாப் போகுது தலைவரே. இதுல ஓட்டை விழுந்துட்டா, இவ்வளவு நேரம் நான் சொன்னது பொய்யின்னு ஆயிருமே!"