வான்கோழிக்கு எத்தனை ஊர்

“என்னிடம் துருக்கி என்றாள், உன்னிடம் இந்தியா என்றாளாம். ஒருத்திக்கு எத்தனை பிறந்த வீடுதான் இருக்கும்?”

இங்கிலாந்துச் சமையல்காரி மேபல் பக்கத்தில் நின்ற பிரான்சுக்காரியிடம் இதையே மூன்றாம் முறையாகக் கத்தினாள். கையில் கத்தி. எதிரே கூண்டில் வான்கோழி.

பறவைகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஐரோப்பாவின் சமையற்கட்டுகளில் ஒரு சட்டம் இருந்தது. அறுக்கும் முன் பறவையிடம் ஊர் கேட்க வேண்டும். தூரதேசம் என்றால் தொடக்கூடாது. அந்த ஊர்க்காரர்கள் தேடி வந்து நின்றால் யார் பதில் சொல்வது? வாத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது எந்தக் குளத்து வாத்து என்று தெருவுக்கே தெரியும்.

வான்கோழி கடல் கடந்து வந்தவள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னாளா? பேர் தெரியாத ஊருக்கு எவன் பயப்படுவான் என்று நினைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் துருக்கி என்றாள். பிரான்சில் இந்தியா. போர்ச்சுகலில் பெரு. ஹாலந்தில் சாட்சாத் நம் கோழிக்கோடு! அவர்களும் நம்பி, அந்தந்த ஊரையே அவளுக்குப் பெயராக வைத்துக் கத்தியைக் கீழே போட்டார்கள்.

ஒரு கல்யாணம் வந்தது. நான்கு நாட்டுச் சமையல்காரர்களும் ஒரே அடுப்படியில் கூடினார்கள். கூண்டைப் பார்த்ததும் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான், குட்டு உடைந்தது.

“என்னிடம் கோழிக்கோடு என்று அழுதாளே, கள்ளி!” என்றாள் ஹாலந்துக்காரி.

“கடைசியாகக் கேட்கிறேன். எந்த ஊர்டி நீ?” என்றாள் மேபல்.

பயத்தில் வான்கோழியின் கழுத்து செக்கச்செவேலென்று ஆனது. “மெக்சிகோ, அக்கா. சத்தியமாக மெக்சிகோ.”

நால்வரும் சிரித்துவிட்டார்கள். “அப்படி ஒரு ஊரா? இதுவரை சொன்னதிலேயே பெரிய புளுகு இதுதான்.”

மேபல் அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். “தண்ணீர் கொதிக்கும் வரை நேரம். உன் ஊரிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிடு. வந்து ஆமாம் என்று சொல்லட்டும், விட்டுவிடுகிறேன்.”

வான்கோழி மேற்கே கடலைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக் கத்தினாள். மூச்சு முட்டி, சொற்கள் ஒன்றோடொன்று இடித்துக் களகளவென்று வந்தன. கடலிலிருந்து யாரும் வரவில்லை. தண்ணீர் கொதித்தது.

அன்று முதல்தான் அவள் வம்சத்துக்கே நாட்டுக்கு நாடு யாரோ ஒருவருடைய ஊரின் பெயர், கழுத்தில் அழியாத சிவப்பு, பண்டிகை வந்தால் கத்தி. யார் காலடிச் சத்தம் கேட்டாலும் அந்த வம்சத்து வான்கோழி ஒவ்வொருத்தியும் அதே களகளச் சத்தத்தில் இன்னமும் கேட்கிறாள்:

“எங்கள் ஊர்க்காரர் யாராவது இருக்கிறீர்களா? வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”