பாதியில் தொடங்கிய பெண்

பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, கேளுங்கள். கடல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்த காலத்தில், கரையோர நாடு ஒன்றை ஓர் அரசி ஆண்டாள். அந்த நாட்டில் பெயர்பெற்ற ஆசான் ஒருவர் இருந்தார். கதிரவன் எழும்போது பாடத்தைத் தொடங்குவார். ஒருமுறைதான் சொல்வார், மறுமுறை சொல்ல மாட்டார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அவரிடம் வணிகர் மகன் அரியநாயகம் படித்தான். அவன் மறந்ததை எடுத்துச் சொல்ல வீட்டில் அப்பா இருந்தார், அண்ணன்களும் இருந்தார்கள். உப்பளத்து மாடத்தியும் அங்கேதான் படித்தாள். அவள் வீட்டில் எழுத்தறிந்தவர் யாரும் இல்லை. வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பை வாரிக் கரையேற்றினால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். வாரிவிட்டு ஓடி வருவாள். அதற்குள் பாடம் பாதி முடிந்திருக்கும். ஆசான் அவளை வாசலிலேயே நிற்க வைப்பார்.

ஆண்டுக்கொரு நாள் அரசியே வந்து பிள்ளைகளைச் சோதிப்பாள். தேறாதவர்களுக்கு அதன்பின் பள்ளியில் இடமில்லை. மாடத்தியின் அண்ணன் சுடலை முன்பு அப்படித்தான் வெளியே போனான்.

அந்த ஆண்டு அரசி மழைப் பாடத்தைக் கேட்டாள். அரியநாயகம் முழுவதும் சொன்னான்; மாடத்தி நடுவிலிருந்து சொன்னாள். நிலப் பாடத்தைக் கேட்டாள். அதையும் மாடத்தி நடுவிலிருந்து சொன்னாள். அறப் பாடத்தைக் கேட்டாள். மறுபடியும் நடுவிலிருந்துதான். பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணனைப் போலவே இவளுக்கும் மந்த புத்தி என்றார் ஆசான்.

அரசி சிரிக்கவில்லை. சொன்ன பாதியில் ஓர் எழுத்தும் பிசகாததை அவள் கவனித்திருந்தாள்.

"ஏம்மா, எல்லாத்தையும் நடுவுல இருந்தே சொல்லுற?"

"அப்பதான் தாயே நான் வந்து சேருவேன். அதுக்கு முன்னாடி என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது."

மாடத்தி தேறினாள் என்றாள் அரசி. இனி உப்பு வாரி முடிந்த பிறகே பாடம் தொடங்க வேண்டும், மறுபடி கேட்பவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டாள்.

ஆசான் அன்றே உப்பளத்துக்குப் போனார். சுடலை வளர்ந்து ஆளாகியிருந்தான். காலெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. தலையில் கூடையோடு வந்தவனை நிறுத்தி, தயங்கித் தயங்கி மழைப் பாடத்தின் முதல் பாதியைச் சொன்னார். கூடையை இறக்காமலே சுடலை மறுபாதியைச் சொல்லி முடித்தான். பிறகு கேட்டான்:

"முன்னாடி இதுதான் இருந்துச்சா, ஐயா?"

ஆசானுக்குக் கண் கலங்கியது.

பிள்ளைக்கு என்ன வரவில்லை என்று கேட்பதற்கு முன், பிள்ளைக்கு என்ன கிடைக்கவில்லை என்று கேட்பதே நீதி.