சங்கிலிமுத்துவின் கல்யாணப் பத்திரிகையில் எழுத்து உடையாத கதை

கோணவாய்ப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சங்கிலிமுத்து ஒரு டிடிபி கடை வைத்திருந்தார். கூட இரண்டு பேர்: தட்டச்சு செய்யப் பெரியணன், காகிதம் வெட்டத் தவசி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருக்கலாம். அது யார் பொறுப்பில் இருந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

சங்கிலிமுத்துவுக்கு நாற்பத்தொரு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், பெயர் மங்கையர்க்கரசி. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிறவரு, தன் பத்திரிகையை ஒழுங்கா அடிச்சு வெள்ளிக்கிழமை காலையில எங்கிட்ட காட்டட்டும். ஒரு எழுத்து உடைஞ்சிருந்தாலும் கல்யாணம் கிடையாது."

கடைக் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. சிஸ்டத்தோடு பாக்கேஜாகவே, அதாவது நிறுவத் தயாரான பொட்டலமாகவே, வந்தது. ஆறு வருஷமாக ஒரு குறையும் வைக்காத சாது. அதை வைத்தே திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் பத்திரிகையை அடித்து முடித்திருக்கலாம். ஆனால் அதன் புதிய பதிப்பில் ஒரு மயில் பார்டர் இருந்தது. அந்தப் பதிப்பு இன்னும் பாக்கேஜாக வரவில்லை. மூல நிரலை இறக்கி நாமே கம்பைல் செய்து, ஓடுகிற மென்பொருளாக்கிக்கொள்ள வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் வீடியோவில் அதைப் பத்து நிமிஷத்தில் செய்து காட்டினார்.

"பத்து நிமிஷம்தானே" என்றார் சங்கிலிமுத்து. நாட்டில் பாதிப் பேர் கெட்டுப்போவது இந்த ஒரு வார்த்தையால்தான்.

எழுத்தைத் திரையில் வரைந்து காட்டுவதற்கு லைப்ரரி என்று ஒன்று உண்டு. பழைய மென்பொருளுக்குப் பழைய லைப்ரரி, புதியதற்குப் புதிய லைப்ரரி. இவர்கள் கம்பைல் செய்த அழகில், பழையது புதியதன் லைப்ரரியை எடுத்துக்கொண்டது. புதியது பழையதன் லைப்ரரியை எடுத்துக்கொண்டது. கோயில் வாசலில் செருப்பு மாறிப்போன இரண்டு பேர் மாதிரி இரண்டும் நொண்டின. பழையதில் அடித்து வைத்திருந்த பத்திரிகையில் மணமகள் பெயர் இருந்த இடத்தில் ஒன்பது கட்டங்கள் நின்றன. மாப்பிள்ளையும் கட்டம், மாமனாரும் கட்டம். தேதியும் போன் நம்பரும் மட்டும் பிழைத்தன.

புதியதோ திறக்கவே இல்லை. 'லைப்ரரியின் ஐந்தாம் பதிப்பு வேண்டும், இருப்பது நான்காம் பதிப்பு' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"நாலு இருக்கு, அஞ்சு கேக்குது. என்னடா செய்ய?" என்றார் சங்கிலிமுத்து.

"நாலோட பேரை அஞ்சுன்னு மாத்திருவோம்ணே" என்றார் பெரியணன்.

"பேரை மாத்துனா ஆளு மாறிருமா?" தவசிக்குச் சந்தேகம்.

"எங்க சித்தப்பா பேரு ரேஷன் கார்டுல சின்னப்பொண்ணுன்னு விழுந்துச்சு. பதினோரு வருஷமா அந்தப் பேர்லதான் சீனி வாங்குறாரு. கவர்மெண்டே ஏத்துக்கிடுச்சு. இந்தப் பெட்டி ஏத்துக்கிடாதா?"

பெயரை மாற்றினார்கள். மென்பொருள் கண் இமைக்கும் நேரம் திறந்து, மயிலின் வாலை மட்டும் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. ஆனாலும் திறந்ததல்லவா? பெயரை மாற்றினால் காரியம் நடக்கும் என்று மூவரும் மனதில் குறித்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை டெய்சி ராணிக்குப் போன் போட்டார்கள். தாலுகா டவுனில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். மகா கெட்டிக்காரர். ஒரே ஒரு குறை, தான் சொல்வது எதிராளிக்குப் புரியும் என்று நம்புகிறவர்.

"திரும்ப ஒருக்கா கம்பைல் பண்ணுங்கண்ணே. திரையில வர்றதை ஒரு வரி விடாம எனக்கு அனுப்புங்க" என்றார்.

கம்பைல் செய்யும்போது ஆயிரக்கணக்கில் வரிகள் ஓடும். மூவரும் ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்து எழுதினார்கள். எண்பது பக்க நோட்டில் ஒன்பது நோட்டு. அதைக் கட்டுக்கட்டி, புதன்கிழமை காலை டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

டெய்சி அன்று மத்தியானம் கூப்பிட்டார். பாவம், அத்தனையையும் படித்திருந்தார்.

"அண்ணே, எல்லா வரியும் நல்லாத்தான் போயிருக்கு. எங்க தப்பாச்சுன்னு ஒரு வரிகூட இல்லையே?"

"அது சிவப்புல வந்துச்சும்மா. அதை விட்டுட்டோம்."

"ஏன்ணே விட்டீங்க?"

"சிவப்புல எழுத நமக்கு என்னம்மா அதிகாரம் இருக்கு? அது ஹெட்மாஸ்டர், தாசில்தார் எழுதுறது. பெரியவங்களுக்குள்ள நடக்குற சமாச்சாரம்."

தவசி பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னான்: "பள்ளிக்கூடத்துல எங்க நோட்டுல சிவப்பா எழுதுனதையே நாங்க படிச்சதில்லக்கா!"

டெய்சி மெதுவாகச் சொன்னார்: "சரிண்ணே. விஷயம் இவ்வளவுதான். ரெண்டு லைப்ரரியும் ஒண்ணையொண்ணு பாக்கவே கூடாது. தனித்தனியா வையுங்க, போதும்."

மூவரும் யோசித்தார்கள். பார்க்கக்கூடாது என்றால் மறைப்புக் கட்ட வேண்டியதுதான். சங்கிலிமுத்து கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டியைக் கொண்டுவந்து, திரையின் நட்டநடுவில் தொங்கவிட்டார்கள். இடப்பக்கம் பெரியணன், வலப்பக்கம் தவசி.

"கண்ணை மறைச்சாச்சு. காது?" என்றான் தவசி.

நியாயமான கேள்வி. ஒன்றைப் பற்றிப் பேசினால் மற்றதுக்குக் கேட்டுவிடுமே! அதிலிருந்து கடையில் யாரும் வாய் திறக்கவில்லை, எல்லாம் ஜாடைதான். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், வெள்ளை வேட்டி தொங்குவதையும் மூன்று பேர் பேச்சற்று உட்கார்ந்திருப்பதையும் பார்த்து, "எப்ப எடுக்குறீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை விடிந்தது. வேட்டிக்கு இந்தப் பக்கமும் கட்டம், அந்தப் பக்கமும் கட்டம். சங்கிலிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை பத்திரிகை போகாவிட்டால் இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்த விஷயங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

டெய்சிக்கு மறுபடியும் போன்.

"நீங்க கம்பைல் பண்ணுனதைத் தூக்கிருங்கண்ணே. சிஸ்டம் மொதல்ல எப்படி வந்துச்சோ, அப்படியே திரும்பக் கொண்டுவந்திருங்க. சரியாயிரும்."

"எப்படி வந்துச்சு?" என்று மூவரும் ஞாபகப்படுத்திப் பார்த்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் டவுனிலிருந்து ஷேர் ஆட்டோவில், பெரியணன் மடியில், மாலை போட்டுக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு மழைண்ணே" என்றான் தவசி.

"ஆமாடா, நல்ல மழை."

ஆகவே கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு டவுனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அதே மாதிரி திரும்ப அழைத்துவந்தார்கள். பெரியணன் மடியில் கம்ப்யூட்டர். தவசி ஆட்டோவில் தொற்றிக்கொண்டு குடத்திலிருந்து கூரைமேல் மழை ஊற்றிக்கொண்டே வந்தான். வழியில்தான் டெய்சியின் கடை. அவர் இந்த ஊர்வலத்தைப் பார்த்தார். கடை ஷட்டரை இழுத்துவிட்டு ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார்.

கடைக்கு வந்து இருபது நிமிஷத்தில், சொந்தமாகக் கம்பைல் செய்ததையும் அதன் லைப்ரரியையும் நீக்கிவிட்டு, பாக்கேஜை மறுபடி நிறுவினார். பத்திரிகையில் கட்டங்கள் மறைந்து எழுத்துகள் வந்தன. புதிதாக அடித்தாலும் சரியாக வருகிறதா என்று பார்க்க, மணமகள் பெயரை அழித்து அந்த இடத்தில் தன் பெயரை அடித்துப் பார்த்தார். கொம்பு கொம்பின் இடத்தில், புள்ளி புள்ளியின் இடத்தில். அதற்குள் வீட்டிலிருந்து போன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் காத்திருக்கிறதாம்.

"பாத்தீங்களா, ஒரு எழுத்து உடையல. சாமி சத்தியமா இனிமே ஒண்ணையும் மாத்தாதீங்க. இருக்கிறபடியே அடிங்க!" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். 'திருவளர்செல்வன் சங்கிலிமுத்து – திருவளர்செல்வி டெய்சி ராணி.'

"அண்ணே, பொண்ணு பேரு வேறயா இருக்கே?" என்றான் தவசி.

"ஒண்ணையும் மாத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கு" என்றார் பெரியணன். "மாத்துனா மறுபடியும் கட்டம் வந்துரும். கட்டத்துக்கு டெய்சி எவ்வளவோ மேலு."

சங்கிலிமுத்து ரொம்ப நேரம் யோசித்தார். "டீச்சர் என்ன கேட்டாங்க? எழுத்து உடையக்கூடாதுன்னுதானே கேட்டாங்க? அடி."

ஆயிரம் பத்திரிகை அடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்கள். மங்கையர்க்கரசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"எழுத்து எதுவும் உடையல" என்றார். சங்கிலிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆனா இது யாரு, டெய்சி ராணி?"

சங்கிலிமுத்து விளக்கிச் சொன்னார். லைப்ரரி, மயில், மழை, ஒன்றையும் விடவில்லை. முடிவில், "பத்திரிகையில கை வச்சா மறுபடி உடைஞ்சிரும் டீச்சர். அதுக்கு நீங்க பேரை மாத்திக்கிட்டா சுலபம். நாங்க ஏற்கெனவே ஒருதடவை மாத்திப் பாத்தோம், கொஞ்ச நேரம் நல்லாவே ஓடுச்சு" என்றார்.

டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துகிற பேனாவை எடுத்து, பத்திரிகையின் குறுக்கே 'இந்தக் கல்யாணம் நடக்காது' என்று பெரிதாக எழுதிக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் தவசி கேட்டான்: "டீச்சர் ஏதோ எழுதிக் குடுத்தாங்களேண்ணே, என்னது?"

சங்கிலிமுத்து எட்டிப் பார்த்தார். சிவப்பு மை. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு, அதைப் பயபக்தியோடு மடித்துப் பையில் வைத்தார்.

"அது பெரியவங்க சமாச்சாரம். நம்ம வேலையைப் பாப்போம். மீதியிருக்கிற தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதையும் இன்னிக்கே குடுத்தாகணும்."

முதல் பத்திரிகை டெய்சிக்குத்தான் என்பதில் மூவருக்கும் இரண்டாவது அபிப்பிராயமே இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தது டெய்சியின் வீட்டுக்காரர். பத்திரிகையை எடுத்து ஒருதடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

சங்கிலிமுத்து இரண்டு கையையும் கூப்பி, தழுதழுத்த குரலில் சொன்னார்:

"அவசியம் குடும்பத்தோட வந்திரணும் சார். உங்க வீட்டம்மா இல்லேன்னா இந்தக் கல்யாணமே இல்ல."