எல்லைக் கல்

மிராசுதார் சபாநாயகம் வழக்குப் போட்டே தீருவதென்று வக்கீலை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். அவர் வீட்டில் துணி துவைக்கும் செங்கமலத்தின் வேலி, அவருடைய மனையில் இரண்டடி ஏறியிருக்கிறதாம்.

"வேலியைப் பிடுங்குறியா, கோர்ட்டுக்கு இழுக்கட்டுமா?" என்று வழக்கு மனுவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார் மிராசுதார்.

செங்கமலம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்த இரண்டடி போனால் குடிசைக்கு வாசலே கிடையாது.

"போடுங்கய்யா. சர்வேயர் வந்தா எல்லைக் கல்லைத்தானே முதல்ல கேப்பாரு?"

"அதுதான் பத்து வருஷமாக் காணோமே!"

"காணோமா? பத்து வருஷத்துக்கு முன்ன உங்க கிணத்தடியில நீங்க கொண்டாந்து போட்ட துவைகல்லுதான் அது. தினமும் உங்க வேட்டியை அது மேலதானே துவைக்கிறேன். நேத்துப் பாசி தேய்க்கப் புரட்டினேன், அடியில சர்வேக்காரங்க வெட்டின அம்புக்குறி அப்படியே இருக்கு."

வக்கீல் எழுந்து கிணற்றடியை எட்டிப் பார்த்தார். மிராசுதார் பேனாவை மெல்ல மூடினார்.

"கையெழுத்துப் போடுறதுன்னா சீக்கிரம் போடுங்கய்யா. வேட்டி ஊறுது."